பாதி காய்ந்த தலையணை உறை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதிய இன்னொரு கதையிலிருந்து வந்தது. அதை நீங்கள் படித்திருக்கலாம். படிக்கவில்லை என்றால் தேட வேண்டாம். போன வருடம் ஒரு பத்திரிகையில் ஏழு பக்கத்துக்கு வந்தது, நடுவில் கப்பல் படம் போட்டிருந்தார்கள். நான்கு பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்த ஏழு பக்கத்தால் ஒரு பெண்மணியின் பத்தொன்பது வருட வேலை போயிற்று. என் அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது கப்பலை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பட்டும் புத்தி வரவில்லையே இவனுக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதனால் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"எழுது. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே மூடி வைக்க என்ன இருக்கு. ஆனா ஒவ்வொரு பக்கமும் எங்கிட்ட வரணும். பென்சில் என் கையில இருக்கும்."

ஆகவே சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அக்காவின் பென்சில். அவள் ஓரத்தில் எழுதியதை அப்படியே கொடுத்திருக்கிறேன். அவள் அடித்த இடங்களில், அடித்தாள் என்று மட்டும் குறித்திருக்கிறேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன்.

[எனக்கு எழுத்துப்பிழை வராது. உனக்குத்தான் வரும்.]

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. முதலில் எழுதியது இது:

"அந்தச் சாதாரண ஓட்டலின் வயிற்றுக்குள் ஒரு ரகசியம் –"

ஓட்டலுக்கு ஏது வயிறு? விட்டுவிட்டேன். அடுத்தது:

"வாசனை என்பது ஞாபகத்தின் –"

இதை முடிக்கக்கூட இல்லை. வாசனையையும் ஞாபகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எந்த எழுத்தாளனுக்கும் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஓடுகிற கையை நம்பக்கூடாது என்று எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. மூன்றாவது தொடக்கம்:

"என் அக்காவுக்கு மூக்கு போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்."

[மூக்கு இருக்கு. வாசனைதான் போச்சு. யாரோ அறுத்துட்டுப் போன மாதிரி எழுதியிருக்கே.]

சரி, வாசனைதான் போயிற்று. அதற்கு முன்னால் ஓட்டலைச் சொல்லிவிடுகிறேன்.

3

நான்கு மாடி ஓட்டல். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். வரவேற்பு மேஜையில் பிளாஸ்டிக் பூங்கொத்து, அதற்கு மேலே ஏழு நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரம். மருந்துக் கம்பெனி ஆட்களும், எதிர் ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்துவிட்டு வந்தவர்களும் தங்குகிற இடம். யாரும் அங்கே போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. அறையைப் பற்றிக் கேட்டால், "பரவால்ல, சுத்தமா இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழ்த்தளத்தில் லாண்டரி. பெரிய சலவை இயந்திரங்கள் இரண்டு, உலர்த்தி ஒன்று, இஸ்திரி மேஜை, விரிப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிகள். கடைசி அலமாரிக்குப் பின்னால் சாம்பல் நிறக் கதவு. அதில் 'மின் அறை. உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருக்கும். அதைத் தள்ளினால் பதினான்கு நாற்காலி, ஒரே மரத்தில் இழைத்த நீளமான மேடை, அடியிலிருந்து வெளிச்சம் வருகிற கண்ணாடித் தட்டுகள், அவற்றில் ஜாடி ஜாடியாகத் தோலும் பட்டையும் பழமும் ஊறிக்கொண்டிருக்கிற மதுவகைகள். அதுதான் பார். பெயர்ப் பலகை இல்லை, விளம்பரம் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லி, மடித்த விரிப்புகளுக்கு நடுவே நடந்து, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் முழித்து, அப்புறம் கதவைத் தள்ளி வரவேண்டும். அந்த முழியில்தான் பாதி வியாபாரம் என்பார் ஓட்டல் முதலாளி.

மீதிப் பாதி என் அக்கா. பதினோரு வருடமாக அந்த மேடைக்குப் பின்னால் நின்று காக்டெயில் கலக்குகிறாள். உறவுக்காரர்கள் கேட்டால் அம்மா, "ஓட்டல்ல ஜூஸ் செக்‌ஷன்ல இருக்கா" என்பாள். ஜூஸ் செக்‌ஷனுக்குத் தூர தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

பார் திறப்பது மாலை ஐந்துக்கு. அக்கா பகல் ஒரு மணிக்கே போய்விடுவாள். ஐஸ் பாளத்தை ரம்பத்தால் அறுத்துக் கட்டிகளாக்குவாள். ஊறிய சரக்கைத் துணியில் வடிகட்டுவாள். பழத்தின் தோலை மட்டும், வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவுவாள். கிளாஸை வாடிக்கையாளர் முன் வைப்பதற்கு முன் ஒரு மெல்லிய ஸ்டிராவை அதில் நட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, ஒரே ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வாள். பிறகுதான் கிளாஸ் நகரும். பதினோரு வருடத்தில் ஒரு கிளாஸ்கூடச் சொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

4

ஐந்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். சாதாரணக் காய்ச்சல். ஆறாம் நாள் வேலைக்குப் போய் ஆரஞ்சுத் தோலைக் கிளாஸ் மேல் பிழிந்தாள். எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்தது, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. வாசனை வரவில்லை. பழம் பழசு என்று நினைத்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. ஐந்து பழத்தை உரித்துப் போட்டபின் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். அதன்பின் கதவைத் தள்ளிக்கொண்டு லாண்டரிக்குப் போய், பிளீச்சிங் கேனைத் திறந்து அதில் மூக்கை நுழைத்தாள்.

அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் லாண்டரியம்மா. அறுபது வயது இருக்கும். அந்த ஓட்டலில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன பாப்பா, குடிக்கப் போறியா அதை?"

"வாசனை வரலம்மா."

"கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது. வாசனை வரலயா?"

"வரல. கண்ணு எரியுது. மூக்கு சும்மா இருக்கு."

லாண்டரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, கேனை வாங்கி மூடினார். அக்காவின் உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு. வெயில்ல காஞ்ச துண்டு மாதிரி."

அக்கா அங்கேயே, அழுக்கு விரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்து –

[அக்கா இங்கே நான்கு வரிகளை அடித்தாள். 'நான் அழுததை எழுதாதே. அழுதேன்னு வேணா எழுதிக்கோ.']

அழுதாள்.

டாக்டர் சொன்னது: திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நாக்கில் கோளாறு இல்லை. புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும், கசப்பு தெரியும். புளிப்பது எலுமிச்சையா, ஆரஞ்சா, வினிகரா என்று தெரியாது. கிளாஸில் இருப்பது ஜின்னா, ரம்மா என்று தெரியாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒரு குறை, அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். அவளுக்கு அதுதான் தொழில். தொழில் மட்டும் இல்லை, அவளிடம் இருந்ததிலேயே அவளுக்குப் பெருமையான ஒன்று.

5

யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தாள். அளவுகள் மனப்பாடம். தராசு இருந்தது. தோலை எத்தனை நாள் ஊறவைப்பது என்பது ஜாடியின் கழுத்தில் கட்டிய சீட்டில் இருந்தது. ஆனால் பழம் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது. ஊறியது போதுமா, அதிகமா, கெட்டுவிட்டதா என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டும்.

தினமும் மூன்று மணிக்கு லாண்டரியம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். அக்கா ஜாடிகளை வரிசையாகத் திறப்பாள். லாண்டரியம்மா குடிக்க மாட்டார். "வாயில படாது. மூக்கோட சரி" என்பார். ஆனால் ஒரு வாசனையை எப்படிச் சொல்வது? கற்றுக்கொண்ட சொற்கள் எதுவும் அவரிடம் இல்லை. நாற்பது வருடமாகத் துணியோடு இருந்தவர் துணியை வைத்துத்தான் சொன்னார்.

"இது புதுச் சோப்பு உறை பிரிச்ச கை."

"இது இஸ்திரி கொஞ்சம் கூடிப்போச்சு, கருகல."

"இது பெட்டிக்குள்ள ஒரு வருஷம் இருந்த கம்பளி. மோசமில்ல."

"இது ஈரத்தோட மடிச்சு வெச்சது. கொட்டிடு பாப்பா."

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் தன் மொழியில் விளக்கமும் எழுதி வைத்தாள். நாலைந்து வாரத்தில் அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. துணியை நினைத்தால் வாசனை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதைக் கொண்டு புதிதாகக் கலக்கவும் ஆரம்பித்தாள். வெள்ளரியும் ஜின்னும் துளி உப்பும் சேர்த்து ஒன்று செய்தபோது லாண்டரியம்மா ரொம்ப நேரம் முகர்ந்துவிட்டு, "பாதி காஞ்ச தலையணை உறை" என்றார். "கொடியில தொங்குறப்போ முகத்துல படுமே, அப்போ வரும் பாரு, அது."

அக்கா அதையே வாடிக்கையாளர்களிடம் சொன்னாள். "இது பாதி காஞ்ச தலையணை உறை மாதிரி இருக்கும். குடிச்சுப் பாருங்க." சிரித்துக்கொண்டே குடித்தவர்கள் கிளாஸை இறக்கிவிட்டு அவளைப் பார்ப்பார்களாம். வாசனை போன அந்த ஒன்றரை வருடத்தில்தான் பார் இன்னும் பெயர் வாங்கியது. ஸ்டிராவை நட்டு ஒரு சொட்டு எடுப்பதை மட்டும் அவள் விடவில்லை. புளிப்பு, இனிப்பு, கசப்பு மூன்றும் தெரிந்ததே, அது போதும் என்று வைத்துக்கொண்டாள்.

* இந்த இடத்தில் இது மகிழ்ச்சியான கதையாகிவிடும் அபாயம் இருக்கிறது. கவலைப்படாதீர்கள். அடுத்த பகுதியில் நான் வருகிறேன்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் தீய்ந்தது. பக்கத்து அறையிலிருந்த எனக்கு வாசனை வந்து நான் ஓடி வந்தேன். அவள் அடுப்புக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள். லாண்டரியம்மா சொன்னதையெல்லாம் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

போகும்போது சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடா."

"சே, சொல்வேனா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

மறைத்துத்தான் எழுதினேன். ஓட்டலைக் கப்பலாக்கினேன். அக்காவை வழுக்கைத் தலை ஆணாக்கினேன். லாண்டரியம்மாவைக் கப்பலில் துணி துவைக்கிற கிழவராக்கினேன். துணிப் பேச்சை எல்லாம் எடுத்துவிட்டு வேறு எதையாவது வைக்கவேண்டும் என்றும் தெரிந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த கம்பளியை எடுத்தேன். கூடிப்போன இஸ்திரியை எடுத்தேன். பாதி காய்ந்த தலையணை உறைக்கு வந்தேன். அதை எடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக நாற்பது வரி யோசித்தேன், ஒன்றும் அதன் பக்கத்தில் வரவில்லை. கதையே அந்த ஒரு வரியில் நிற்பது போல இருந்தது. அக்கா எங்கே பத்திரிகை படிக்கப் போகிறாள், அவளைச் சுற்றி இருப்பவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

எத்தனையோ தடவை நல்ல வரிகளை வெட்டியவன் நான். அந்த ஒன்றை வெட்டியிருந்தால் இன்றைக்கு லாண்டரியில் அந்த இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

[வருத்தப்படறது உனக்கு சுலபமா வருது. எழுதவும் நல்லா வருது. அதுதான் எனக்கு பயமா இருக்கு.]

7

பல் டாக்டர் ஒருவர் புதன்கிழமை தவறாமல் அந்த பாருக்கு வருவார். இந்தக் கதைக்கு ஒரு கெட்டவன் தேவை என்று நினைத்து அவரை அப்படி எழுதிப் பார்த்தேன். தங்கப் பல் வைத்தேன். கரகரத்த சிரிப்பைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் எழுதியபின் அவர் நல்ல மனிதர் என்ற உண்மை குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

அவருடைய காத்திருப்பு அறைக்குப் பத்திரிகைகள் வாங்கிப் போடுவார். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களுக்கு வாங்கியதை ஆள் இல்லாத நேரத்தில் அவரே படிப்பார். இப்படி ஒரு வாசகர் எனக்கு இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். தலையணை உறை அவருக்கு மிகவும் பிடித்த கிளாஸ். அதை அச்சில் பார்த்ததும் தலைகால் புரியாமல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்தப் புதன்கிழமையே வந்துவிட்டார்.

"நம்ம தலையணை உறையை ஒருத்தர் கப்பல்ல ஏத்திட்டாரு, பாத்தீங்களா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இங்க வந்து குடிச்ச ஆளாத்தான் இருக்கும். கேளுங்க கதையை. கலக்கிக் குடுக்கிறவனுக்கு வாசனையே தெரியாதாம்! வேலைக்காரக் கிழவன்தான் மோந்து மோந்து –"

அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அதற்குள் மற்றவர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். அக்கா பத்திரிகையை வாங்கி, நின்றபடியே, கதைக்கு மேலே என் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

[அக்கா இங்கே ஒரு பத்தி முழுவதையும் அடித்தாள். காரணம் எழுதவில்லை.]

மறுநாள் பல் டாக்டர் பகலிலேயே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "எனக்கு வாய் நிக்காதும்மா, தப்பு பண்ணிட்டேன்" என்றாராம். நான் அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அவள் போனில் கூப்பிட்டு, "ஏன்டா?" என்று ஒரே வார்த்தை கேட்டபோது நான் சொன்னது இது: "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. கதைதானே." அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பின் மூன்று மாதம்.

8

அந்த மூன்று மாதத்தில் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரத்திலிருந்தே வாடிக்கையாளர்கள் கிளாஸை முதலில் மூக்குக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். அதே அளவு, அதே ஜாடி, அதே கை. ஒருவருக்கு மிளகு தூக்கலாகத் தெரிந்தது. ஒருவருக்கு ஏதோ ஒன்று குறைந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண்மணி கிளாஸைத் தொடாமலே திருப்பி அனுப்பினார். நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர்கள் அக்காவின் ஸ்டிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைச் சொட்டுப் பார்க்கிறாள் இவள் என்று அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு நாள் அவள் ஸ்டிரா எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு யாரோ முதலாளியிடம் போய், அழுக்குத் துணி மூட்டை கட்டுகிற அம்மா ஜாடி ஜாடியாக மூக்கை விடுகிறாராமே என்றார்கள். முதலாளி வெடித்துவிட்டார். "நான் ஓட்டல் நடத்துறேனா, இல்ல வேற என்ன நடத்துறேன்?" அடுத்த மாதம் லாண்டரி வேலை வெளியாட்களுக்குப் போயிற்று. காரணம் மின்சாரச் செலவு என்று காகிதத்தில் இருந்தது. லாண்டரியம்மா பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்.

அவருடைய போன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் யார் என்று சொன்னதுமே அவர் முந்திக்கொண்டார்.

"பாப்பாவோட தம்பியா? கதை நல்லா இருக்குன்னு சொன்னாங்களே. எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. பேத்தி பள்ளிக்கூடத்துலருந்து வந்தா படிச்சுக் காட்டச் சொல்லணும். அதுல நான் வரேனாமே?"

"வரீங்கம்மா."

"எப்படி வரேன்?"

கிழவனாக வருகிறீர்கள், கடைசியில் செத்துப்போகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? நன்றாக வருகிறீர்கள் என்றேன். ரொம்ப சந்தோஷம் தம்பி என்றார். "பாப்பாவுக்கு இப்ப யாரு மோந்து குடுக்கிறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

9

இங்கே ஒரு முடிவு வரவேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: ஒரு காலையில் அக்காவுக்கு வாசனை திரும்பி வருகிறது. முதலில் வருவது –

[பொய். வெட்டு.]

இரண்டாவது முடிவு: வாடிக்கையாளர்கள் மனம் மாறி, பல் டாக்டர் தலைமையில் முதலாளியிடம் பேசி, லாண்டரியம்மாவை மரியாதையாக அழைத்து வந்து பாருக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள்.

[அவங்க மூட்டு வலிக்கு அந்தப் படிக்கட்டே இறங்க முடியாம தவிச்சாங்க. நாற்காலி போட்டாங்களாம். அவங்க நல்லா இருக்கணும்னா மக வீட்டுலயே இருக்கட்டும்.]

மூன்றாவதை முடிவு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. அது நடந்தது.

10

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் அக்கா கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"உன் மூக்கு வேணும். மூணு மணிக்கு வா. பேனாவை வீட்டுலயே வெச்சுட்டு வா."

போனேன். லாண்டரியில் இயந்திரங்கள் இருந்த இடத்தில் தரையில் வட்ட வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. இரும்பு அலமாரிகள் காலி. விரிப்புகளுக்கு நடுவே நடக்காமல் நேராகக் கதவுக்குப் போய்விட முடிந்தது. உள்ளே விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அக்கா மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன்.

"அக்கா, நான் அன்னிக்கு –"

"அதெல்லாம் அப்புறம். உக்காரு. மூக்கு அடைச்சிருக்கா?"

"இல்ல."

"காபி குடிச்சியா?"

"இல்ல."

விஷயத்தைச் சொன்னாள். முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு அவரும் பழைய வாடிக்கையாளர்கள் ஆறு பேரும் வந்து உட்காருவார்கள். அவள் புதிதாக ஒன்று கலக்கி வைக்கவேண்டும். நன்றாக இருந்தால் பார் அவளுடையது, இனி யாரும் மூக்கைப் பற்றிப் பேசக்கூடாது. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், பேசி முடித்தாயிற்று. அவளுக்கு மேலே வரவேற்பு மேஜையில் இடம் உண்டு.

பேரிக்காயும் மிளகும் மூன்று நாள் ஊறிய ஜின்னைத் துணியில் வடிகட்டினாள். எலுமிச்சையை எடை பார்த்துப் பிழிந்தாள். ஷேக்கரில் ஐஸ் விழுந்தது. தோளுக்கு மேலே வைத்து ஆட்டினாள், சத்தத்தைக் கேட்டே நிறுத்தினாள். ஊற்றினாள். மேலே தோலைப் பிழிந்து எறிந்தாள். கையில் எங்கும் தடுமாற்றம் இல்லை. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. கிளாஸை என் முன் நகர்த்தினாள். இரண்டு கைகளையும் மேடையில் ஊன்றிக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லணும். கதையில எழுதற உண்மை இல்ல, வீட்டுல பேசற உண்மை."

"சரிக்கா."

"நல்லா இல்லன்னா சொல்லிடு. நான் இப்பவே சாவியைக் குடுத்துட்டு மேல போய் உக்காந்துக்கறேன். அவங்க முன்னால வெச்சு, அவங்க மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது என்னால முடியாதுடா. எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாதே. பாவம்னு சொல்லாதே. என்ன இருக்கோ அதைச் சொல்லு."

கிளாஸை எடுத்தேன். முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தேன், மறுபடி முகர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளைவிட எனக்கு ஒன்று அதிகம் தெரிந்தது. அது எவ்வளவு மோசமான உணர்வு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சொல்லுடா," என்றாள்.

சொன்னேன்.

11

என்ன வாசனை வந்தது, என்ன சொன்னேன், அவள் என்ன செய்தாள், ஐந்து மணிக்கு என்ன நடந்தது எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதி, மற்றப் பக்கங்களோடு அக்காவுக்குக் கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதிலேயே நன்றாக வந்த அரைப் பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டு திரும்பி வந்தது. நீங்கள் இதுவரை பார்த்த பென்சில் எல்லாம் இருந்தது, நீங்கள் பார்க்காததும் நிறைய இருந்தது. அந்த அரைப் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. போன் செய்தேன்.

"கடைசிப் பக்கம் படிச்சியாக்கா?"

"படிச்சேன்."

"ஒண்ணும் அடிக்கலயே?"

"இல்ல."

"அப்போ இருக்கட்டுமா?"

"அது நீ சொன்னது. எங்கிட்ட சொன்னது. வெக்கறதும் எடுக்கறதும் உன் இஷ்டம்டா. எல்லாத்தையும் நானே அடிச்சுட்டிருக்க முடியுமா?"

போனை வைத்துவிட்டாள். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் இருந்தது குரல். இரண்டு நாள் அந்த அரைப் பக்கத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். பிரதி எதுவும் இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டார், முடிவில்லாமல் எப்படிப் போடுவது என்று. போடாவிட்டால் போகட்டும் என்றேன்.

நன்றாக இருந்திருந்தால் மறைப்பானேன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வாடிக்கையாளர்களும் இப்படிச் சந்தேகத்தில்தான் ஆரம்பித்தார்கள். அவள் இன்னும் அங்கே வேலை செய்கிறாளா என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். சொல்ல மாட்டேன்.

முடிவு கட்டாயம் வேண்டும் என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மணி மூன்று. கிளாஸ் உங்கள் கையில் இருக்கிறது. எதிரே நிற்பது உங்கள் அக்கா. முகர்ந்து பார்த்தாயிற்று, குடித்தும் பார்த்தாயிற்று. அவள் சொல்லு என்கிறாள். உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதை அவளிடம் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.